தரையிறங்கும் வேகம்: ஒரு தகப்பன் கற்றுக்கொண்ட பாடம்



மாசி, பங்குனி மாதங்களில் வருமான வரி பற்றியும் ஓய்வூதியச் சேமிப்பு பற்றியும் இதே ஒலிவாங்கியின் முன்னால் இருந்து உங்களோடு கதைப்பவன் நான். இன்றைக்கு அந்தக் கணக்குகளை ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஒரு விமானத்தை எந்த வேகத்தில் தரையிறக்குவது, அதை ஒரு மாணவருக்கு எப்படிப் பழக்குகிறார்கள் என்பது பற்றிப் பேசப் போகிறேன். கணக்காளனுக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் என் வீட்டுக்குள்தான் தொடங்கியது.

என்னுடைய இளைய மகள் பதினேழு வயதில் ஒரு நாள் இரவுச் சாப்பாட்டு மேசையில், "அப்பா, நான் விமானம் ஓட்டப் பழகப் போறன்" என்றாள். மனைவி கையில் எடுத்த அகப்பையை அப்படியே வைத்துவிட்டார். எனக்கும் பேச்சு வரவில்லை.

எங்கள் தலைமுறைக்கு விமானம் என்றால் என்ன என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எண்பதுகளின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்தின் மேலே சுற்றிய சிறிய விமானத்தை நாங்கள் "சியாமாச்செட்டி" என்போம். சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடுவோம். அதன் உண்மைப் பெயர் சியாய் மார்க்கெட்டி எஸ்.எஃப்.260. பல நாட்டு விமானப் படைகள் மாணவ விமானிகளைப் பழக்குவதற்குப் பயன்படுத்திய சிறிய இத்தாலிய விமானம் அது என்பதை மகளுக்காகப் புத்தகங்களைப் புரட்டியபோதுதான் அறிந்தேன். பழகும் பிள்ளைகளுக்காகச் செய்த ஒன்றுக்குப் பயந்து நாங்கள் ஓடியிருக்கிறோம். இன்றைக்கும் கோடை காலத்தில் வீட்டுக்கு மேலே ஒற்றை எஞ்சின் விமானம் போனால் என் கை தானாகவே கதவுப் பிடியைத் தேடும்.

இருந்தாலும் பிள்ளையின் ஆசைக்குக் குறுக்கே நிற்க மனம் வரவில்லை. காசோலையில் கையெழுத்து வைத்தேன். கனடாவில் 14 வயதிலேயே மாணவ விமானி அனுமதி எடுத்துத் தனியாகப் பறக்கலாம். தனியார் விமானி உரிமத்துக்கு 17 வயதும் ஆகக் குறைந்தது 45 மணித்தியாலப் பறப்பும் வேண்டும். பெரும்பாலானோருக்கு அதைவிடக் கூடுதலாகவே தேவைப்படுகிறது. எஞ்சின் ஓடும் ஒவ்வொரு பத்தில் ஒரு மணித்தியாலத்துக்கும் பில் எழுதுவார்கள். நான் அதை ஒரு அட்டவணையில் பதிந்துகொண்டு வந்தேன். அந்த அட்டவணை பின்னால் என்ன செய்தது என்பதையும் சொல்கிறேன்.

பதினெட்டு மணித்தியாலம் முடிந்தும் மகளைத் தனியாகப் பறக்க விடவில்லை. "தரையிறங்கும்போது வேகம் ஒரு நிலையில் நிற்குதில்லை அப்பா" என்றாள். இது என்ன பெரிய வித்தை, காரில் வேகத்தைப் பிடிப்பதுபோலத்தானே என்று நினைத்தேன். ஒரு சனிக்கிழமை, பயிற்றுநரின் அனுமதியோடு பின் ஆசனத்தில் ஏறி இருந்தேன். முன்னால் இடது பக்கம் மகள், வலது பக்கம் பயிற்றுநர். விமானம் நான்கு பேர் இருக்கக்கூடிய செஸ்னா 172எஸ்.

பழகுபவர்கள் நிலத்திலிருந்து 1,000 அடி உயரத்தில் ஓடுபாதையைச் சுற்றி நீள்சதுரமாகப் பறப்பார்கள். ஓடுபாதைக்குச் சமாந்தரமாக எதிர்த்திசையில் போய், எஞ்சின் வலுவைக் குறைத்து, இறங்கத் தொடங்கி, இரண்டு முறை திரும்பினால் ஓடுபாதை நேர் முன்னால் வந்துவிடும். அந்தக் கடைசி நேர்கோட்டில் இந்த விமானம் சுமார் 65 நொட் வேகத்தில் வர வேண்டும். நொட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல். 65 நொட் என்றால் மணிக்கு 120 கிலோமீற்றர், 401 நெடுஞ்சாலையில் எங்களில் பலர் ஓடுகின்ற வேகந்தான்.

அந்த 65 எங்கிருந்து வந்தது? விமானத்தை இறக்கைதான் தூக்கி வைத்திருக்கிறது. வேகம் குறையக் குறைய, அதே பாரத்தைத் தூக்க இறக்கை காற்றுக்கு எதிராகக் கூடுதலாக நிமிர வேண்டும். ஒரு எல்லைக்கு மேல் நிமிர்ந்தால் காற்று இறக்கையின் மேற்பரப்பை ஒட்டி ஓடாது, பிரிந்துவிடும். தூக்கும் சக்தி சட்டென்று விழும். இதைத்தான் "ஸ்டோல்" என்கிறார்கள். பலர் எஞ்சின் நிற்பது என்று நினைக்கிறார்கள், அப்படியல்ல. எஞ்சின் நன்றாக ஓடும், இறக்கைதான் வேலையை நிறுத்தும். 172எஸ் விமானம் முழுப் பாரத்தோடும், இறக்கையின் பின்தட்டுகளான ஃபிளாப்புகளை முழுதாக இறக்கிய நிலையிலும், வேகமானியின் பிழையைத் திருத்திப் பார்த்தால், சுமார் 48 நொட்டில் ஸ்டோல் ஆகும். தரையிறங்கும் வேகம் அதைப்போல 1.3 மடங்கு இருக்க வேண்டும் என்பது பொதுவிதி. 48ஐ 1.3ஆல் பெருக்கினால் 62. அதற்குச் சற்று மேலே 65.

மகள் ஓடுபாதைக்கு நேரே வந்தாள். வேகமானி முள் 72 காட்டியது. பிடியைப் பின்னுக்கு இழுத்தாள், மூக்கு உயர்ந்தது, முள் அசையவில்லை. இன்னும் இழுத்தாள். சில விநாடிகளில் முள் 58க்கு இறங்கியது. பதறிப்போய் முன்னுக்குத் தள்ளினாள், அது 76க்கு ஏறியது. ஊஞ்சல்போல ஏறி இறங்கிக்கொண்டு வந்தோம். என் வயிறும் கூடவே ஆடியது.

பயிற்றுநர் கோபப்படவில்லை. அடுத்த சுற்றில் சட்டைப்பையிலிருந்து ஒரு சிறிய மஞ்சள் கடதாசியை எடுத்து வேகமானியின் மேல் ஒட்டிவிட்டார்! வேகம் பிடிக்கத் தெரியாத பிள்ளைக்கு வேகமானியையே மறைக்கிறாரே என்று நான் திகைத்தேன். "வெளியே பார். அடிவானத்துக்கு எவ்வளவு கீழே மூக்கு நிற்கிறது என்று பார். அங்கேயே வை. காத்திரு" என்றார். ஆச்சரியம் என்னவென்றால், கடதாசியை எடுத்தபோது முள் 66இல் நின்றது.

இறங்கிய பிறகு, தேநீர் குடித்துக்கொண்டு அவர் எனக்கு விளங்கப்படுத்தியதை என் பாணியில் சொல்கிறேன்.

நாங்கள் முதன்முதல் இந்த நாட்டுக்கு வந்தபோது குளியலறையில் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தது நினைவிருக்கிறதா? திறந்தவுடன் குளிரும். இன்னும் திறப்போம். சற்று நேரத்தில் தோல் வெந்துவிடும். உடனே பூட்டுவோம், திரும்பவும் குளிரும். குழாயில் பிழையில்லை, சூடு வந்து சேர எடுக்கும் நேரத்தை நாங்கள் பொறுக்கவில்லை. விமானமும் அப்படித்தான். ஒரு தொன்னுக்குச் சற்று மேற்பட்ட பாரம் அது, மூக்கை அசைத்தவுடன் வேகம் மாறிவிடாது, சில விநாடிகள் எடுக்கும். முள் காட்டுவது ஏற்கெனவே செய்ததன் பலனை. முள்ளைத் துரத்துகிறவர் எப்போதும் பிந்தித்தான் இருப்பார்.

ஆகவே மூக்கை ஒரு நிலையில் வைக்கவும், பொறுத்திருக்கவும் முதலில் பழக்குகிறார்கள். இதை ஓடுபாதைக்குப் பக்கத்தில் தொடங்குவதில்லை. 3,000 அடி உயரத்தில், தவறுவதற்கு இடமிருக்கும்போது தொடங்குகிறார்கள். எஞ்சினைக் குறைத்து, மூக்கை அடிவானத்துக்குக் கீழே இத்தனை விரல் என்று அளந்து வைத்து, வேகம் அடங்கும்வரை காத்திருக்கச் சொல்வார்கள். பிறகு "டிரிம்" என்ற சிறிய சில்லை உருட்டி, பிடியில் கையின் பாரம் இல்லாமலே விமானம் அந்த நிலையில் நிற்கும்படி செய்ய வேண்டும். அப்படிச் செய்த விமானம் அந்த வேகத்தைத் தானாகவே காத்துக்கொள்ளப் பார்க்கும். கையை மெதுவாக எடுத்தாலும் வேகம் பெரிதாக மாறாது. அதன் பின் எஞ்சினை மட்டும் கூட்டிக் குறைத்துக் காட்டுவார்கள். இறங்கும் வீதம் மாறும், வேகம் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கும்.

இதிலிருந்து வருவதுதான் மாணவருக்குச் சொல்லும் சூத்திரம்: வேகத்துக்கு மூக்கு, உயரத்துக்கு எஞ்சின். காரோட்டிப் பழகிய எங்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். ஜேர்மனியில் பிறந்து அமெரிக்காவில் விமானியான வுல்ஃப்காங் லாங்கவீஷா 1944இல் எழுதிய "ஸ்டிக் அண்ட் றடர்" என்ற நூலில் இதைத்தான் வலியுறுத்தினார். பெரிய ஜெட் விமானங்களில் மூக்கால் பாதையையும் எஞ்சினால் வேகத்தையும் பிடிக்கும் வழக்கம் இருக்கிறது. உண்மையில் இரண்டும் சேர்ந்தே வேலை செய்கின்றன. ஆனால் சிறிய விமானத்தில் தொடங்கும் மாணவருக்கு முதற் சூத்திரம்தான் உயிர்காக்கும் பழக்கத்தைக் கொடுக்கிறது.

ஏன் என்று ஒரு கணக்காளனாகச் சொல்கிறேன். உயரம் என்பது வங்கியில் உள்ள வைப்பு. வேகம் என்பது கையில் உள்ள காசு. எஞ்சின் சம்பளம். காற்றின் தடை அன்றாடச் செலவு. மூக்கைத் தாழ்த்தினால் வைப்பை எடுத்துக் கைக்காசு ஆக்குகிறோம். மூக்கை உயர்த்தினால் கைக்காசை வைப்பில் போடுகிறோம். உயரமாகவும் மெதுவாகவும் வருகிறீர்களா? மூக்கைத் தாழ்த்தினால் போதும். தாழ்வாகவும் விரைவாகவும் வருகிறீர்களா? மூக்கைச் சற்று உயர்த்தலாம். ஆனால் தாழ்வாகவும் மெதுவாகவும் வந்தால் இரண்டு கணக்கும் காலி. இங்கே மூக்கை உயர்த்துவது இல்லாத காசை வைப்பில் போடப் பார்ப்பதுபோல. சம்பளம் ஒன்றுதான், அதாவது எஞ்சின் ஒன்றுதான் கைகொடுக்கும்.

மனித இயல்போ நேர்மாறானது. நிலம் கிட்ட வருவதைக் கண்டால் கை தானாகப் பிடியை இழுக்கும். வேகம் இன்னும் குறையும், தடை கூடும், இன்னும் விரைவாக இறங்கும், இன்னும் இழுக்கும்.

இது மாணவர்களின் பிழை மட்டும் என்று எண்ண வேண்டாம். 2013 ஜூலை 6ஆம் திகதி சியோலிலிருந்து சான்பிரான்சிஸ்கோ வந்த ஏசியானா 214 விமானம், போயிங் 777. அந்த ரக விமானத்தில் பழகிக்கொண்டிருந்த ஒரு விமானி ஓட்ட, பக்கத்தில் பயிற்றுநர் இருந்தார். 137 நொட்டில் வர வேண்டிய விமானம் கடைசி நேரத்தில் 103 நொட்டுக்கு இறங்கியது. எஞ்சின் வலுவைத் தானியங்கிக் கருவி பார்த்துக்கொள்கிறது என்று நம்பியிருந்தார்கள், அது அப்போது வேகத்தைக் காக்கும் நிலையில் இருக்கவில்லை. பிந்தி வலுவைக் கூட்டியும் போதவில்லை. வால்பகுதி ஓடுபாதைக்கு முன்னாலுள்ள கடற்சுவரில் அடித்தது. 307 பேரில் மூவர் உயிரிழந்தனர். பாதையும் வேகமும் ஒழுங்கில் இல்லாதபோது இறங்கும் முயற்சியை நேரத்தோடு கைவிடாததும் அங்கே பெரும் பிழையாயிற்று.

கடைசித் திருப்பத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. விமானத்தைச் சரித்துத் திருப்பும்போது இறக்கை கூடுதலான பாரம் சுமக்கிறது. உயரத்தை விடாமல் 45 பாகை சரித்தால் ஸ்டோல் வேகம் 48இலிருந்து 57 ஆகும். 60 பாகை சரித்தால் 68. 65இல் வருகிறவருக்கு இதன் பொருள் விளங்கும். ஓடுபாதையின் நேரைத் தாண்டிவிட்ட மாணவர், எப்படியாவது திரும்பிவிட வேண்டும் என்று சரித்து இழுப்பதும், காலால் மூக்கை உள்ளே தள்ளுவதும் மிக ஆபத்தானவை. ஒரு இறக்கை முந்தி ஸ்டோல் ஆகி, விமானம் சுழன்று விழும். அந்த உயரத்தில் மீட்க இடமில்லை.

அப்படியானால் பத்து நொட் கூட வைத்துக்கொண்டால் பாதுகாப்புத்தானே என்று மகளிடம் கேட்டேன். "அதுவும் பிழை அப்பா, கணக்குப் போட்டுப் பாருங்கோ" என்றாள். இயக்கச் சக்தி வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 65இன் வர்க்கம் 4,225. 75இன் வர்க்கம் 5,625. பத்து நொட் கூடினால் மூன்றில் ஒரு பங்கு சக்தி கூடுகிறது. அந்தச் சக்தி எங்காவது போக வேண்டும். விமானம் நிலத்துக்குச் சில அடி மேலே மிதந்துகொண்டே ஓடுபாதையைத் தின்னும். பொறுமையிழந்து மூக்கைத் தள்ளி இறக்கினால் முன்சில்லு முந்தி அடித்து, குதித்துக் குதித்துப் போகும்.

ஓடுபாதையைத் தின்பது என்றால் என்ன என்று ரொறன்ரோவில் இருப்பவர்கள் கண்டிருக்கிறோம். 2005 ஓகஸ்ட் 2ஆம் திகதி, இடிமழையில் பியர்சன் நிலையத்தில் இறங்கிய எயார் பிரான்ஸ் 358 விமானம் 9,000 அடி ஓடுபாதையில் சுமார் 3,800 அடி கடந்த பின்னரே நிலத்தைத் தொட்டது. ஈரப் பாதையில் மிச்சம் போதாமல், 401 நெடுஞ்சாலைக்குப் பக்கத்துப் பள்ளத்தில் போய் எரிந்தது. அந்த விபத்தில் காற்றுக்கும் மழைக்கும் பங்கு இருந்தது. தெய்வாதீனமாக 309 பேரும் உயிர் தப்பினார்கள்.

இனி, நான் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்த விடயத்துக்கு வருகிறேன்.

அந்தச் சனிக்கிழமை நாலாவது சுற்றில் மகள் தாழ்வாக வந்தாள். முன்கண்ணாடியில் ஓடுபாதையின் தொடக்கம் மேல்நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. இறங்கப் பார்க்கும் புள்ளி கண்ணாடியில் ஒரே இடத்தில் நின்றால் அங்கேதான் போய்ச் சேர்வோம், அது மேலே நகர்ந்தால் அதற்கு முன்னாலேயே விழுவோம் என்பது பாடம். அவளுக்கு அது தெரியும். இருந்தும் மூக்கை உயர்த்தினாள். வேகம் குறைந்தது. ஸ்டோல் எச்சரிக்கை ஊதி மெல்ல அழத் தொடங்கியது. பயிற்றுநர் பிடியைத் தன் கையில் எடுத்து, எஞ்சினை முழுதாகக் கொடுத்து, மேலே ஏறினார். ஐந்து விநாடிகூட இருக்காது.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன், "ஏன் பிள்ளை, சரியில்லை எண்டு தெரிஞ்ச உடனே ஏறியிருக்கலாமே?"

சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள்: "நீங்கள் பின்னுக்கு இருந்து மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு இருந்தீங்கள் அப்பா. இன்னொருக்காச் சுத்தினால் காசு கூட வருமெண்டு யோசிச்சன்."

நேயர்களே, நான் காரை ஓரமாக நிறுத்திவிட்டேன். காலையில் புறப்படும்போது, "பதினெட்டு மணித்தியாலம் முடிஞ்சுது, இன்னும் தனிய விடேல்லையோ?" என்று நான் கேட்டது நினைவுக்கு வந்தது. அதற்கு முந்திய கிழமையும் கேட்டிருந்தேன். நான் கோபத்தில் கேட்கவில்லை. கணக்குப் பார்த்துக் கேட்டேன். ஆனால் அவளுடைய கை பிடியை இழுத்தபோது, அந்தக் கையின் மேல் என் அட்டவணையும் இருந்திருக்கிறது.

வெறுங்கையோடு வந்து, இரண்டு வேலை செய்து, ஒவ்வொரு டொலரையும் எண்ணி வாழ்ந்தவர்கள் நாங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் பிள்ளை எத்தனை மணித்தியாலத்தில் முடித்தான், பக்கத்து வீட்டுப் பிள்ளை எத்தனையில் முடித்தது என்று நாங்கள் கேட்கும் கேள்விகளை அவர்கள் தங்களோடு காவிக்கொண்டு போகிறார்கள். ஆகாயத்திலும் காவுகிறார்கள்.

அடுத்த வகுப்பில் பயிற்றுநர் ஒரு மணித்தியாலம் முழுக்க ஒன்றைத்தான் பழக்கினார். ஒவ்வொரு முறையும் ஓடுபாதையை நோக்கி வருவது, இறங்காமலே எஞ்சினை முழுதாகக் கொடுத்து, மூக்கைச் சரியான நிலையில் வைத்து, ஃபிளாப்பைப் படிப்படியாக எடுத்து ஏறுவது. வேகம், உயரம், நேர் இந்த மூன்றும் ஓடுபாதைக்கு முன்னாலேயே அடங்கி நிற்க வேண்டும், அடங்காவிட்டால் சுற்றி வர வேண்டும், அதற்கு யாரிடமும் காரணம் சொல்லத் தேவையில்லை என்றார். நான் அட்டவணையைப் பூட்டி வைத்தேன்.

இருபத்து மூன்றாவது மணித்தியாலத்தில் அவளைத் தனியாக விட்டார்கள். பயிற்றுநர் இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றார். விமானம் புல்வெளிக்கு மேலே ஏறிச் சுற்றி வந்தது. அந்த ஒற்றை எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடைசி நேர்கோட்டில் அவள் சற்று உயரமாக வந்தாள். ஒரு ஆளின் பாரம் குறைந்ததால் விமானம் இலேசாகிவிட்டது, எல்லா மாணவருக்கும் வருவதுதான் என்றார் பயிற்றுநர். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அப்போது எஞ்சின் முழுச் சத்தத்தோடு உறுமியது. இறங்காமல், எங்கள் தலைக்கு மேலால் ஏறிப் போனாள். பயிற்றுநர் ஒன்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்.

இரண்டாவது முறை வந்தபோது விமானம் நூல் பிடித்ததுபோல வந்தது. மூக்கு ஆடவில்லை. பின்சில்லுகள் இரண்டும் மெல்லத் தொட்டன, பிறகு முன்சில்லு. இறங்கி வந்தவள், "அறுபத்தைந்திலை நிண்டுது அப்பா" என்றாள். வீட்டில் தாய் சாமி அறையில் விளக்கேற்றி வைத்துக் காத்திருந்தார்.

அன்றைய பில்லில் அந்த மேலதிகச் சுற்றுக்காக 0.2 மணித்தியாலம் கூட இருந்தது. இந்தத் தொழிலில் எத்தனையோ ஆயிரம் பில்களைப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு மனநிறைவோடு நான் கட்டிய பில் வேறில்லை.

உங்கள் பிள்ளைகள் விமானம் ஓட்டப் பழகலாம், மருத்துவம் படிக்கலாம், தச்சு வேலை பழகலாம். "இன்றைக்குச் சரிவரவில்லை, இன்னொரு முறை சுற்றி வரப் போகிறேன்" என்று அவர்கள் சொல்லும் நாளில், மணிக்கூட்டைப் பார்க்காதீர்கள் என்று கேட்டு விடைபெறுகிறேன்.